மேடைக்கு முதுகைக் காட்டுங்க

போன எபிசோடுல பேக்கப் பத்திப் பேசினோம். இந்த வாரமும் கிட்டத்தட்ட பேக்கப் தான், ஆனா சர்வர் இல்ல. ஒரு ஓப்பரா ஹவுஸ்.

ஒண்ணை முதல்லயே ஒத்துக்கிறேன். எனக்கு ஓப்பரா புரியாது. மூணு மணி நேரம் இத்தாலியன்ல பாடினா, ரெண்டாவது மணி நேரத்துல நான் கூரையைத்தான் பார்த்துட்டு இருப்பேன். ஆனா அந்தக் கூரை இருக்கே, அதுக்காக எவ்வளவு தூரம் வேணும்னாலும் போவேன். ஆன்சைட்ல மியூனிக்ல இருந்தப்போ ஒரு வீக்கெண்ட் ரூம்மேட்டை இழுத்துக்கிட்டு வெனிஸ் போனதும் அதுக்குத்தான். லா ஃபெனீச்சே தியேட்டர்.

வெளியில இருந்து பார்த்தா ஏமாந்துடுவீங்க. சின்ன சதுக்கம், நாலு தூண், அமைதியான வெள்ளை முகப்பு. அவ்வளவுதான். உள்ளே நுழைஞ்சா ஆள் அப்படியே நின்னுடுவான். குதிரை லாடம் மாதிரி வளைஞ்ச அரங்கு, அஞ்சு அடுக்கு, ஒவ்வொரு அடுக்குலயும் வரிசையா குட்டிக் குட்டி பாக்ஸ், எல்லாத்து மேலயும் தங்க வேலைப்பாடு. நான் அன்னைக்கு 412 படம் எடுத்தேன். ரூம்மேட், "டேய் போதும்டா, பசிக்குது"ன்னு நாலு தடவை சொல்லிட்டான்.

அந்த லாட வடிவம் ஏன்னு யோசிச்சிருக்கீங்களா? மேடை நல்லா தெரியணும்னா இது ரொம்ப மோசமான டிசைன். ஓர பாக்ஸ்ல உட்கார்ந்தா கழுத்தைத் திருப்பித்தான் மேடையைப் பார்க்கணும். ஆனா எதிர் பாக்ஸ்ல யார் யாரோட வந்திருக்காங்கன்னு கச்சிதமா தெரியும். 18ஆம் நூற்றாண்டு பணக்காரக் குடும்பங்களுக்கு பாக்ஸ்ங்கிறது இன்னைக்கு ஒரு ஃபிளாட் மாதிரி, சொத்து. பாட்டு கேட்க மட்டுமில்ல, மத்தவங்களைப் பார்க்கவும் மத்தவங்க கண்ணுல படவும்தான் அங்க வந்தாங்க. அதனால இந்தக் கட்டடத்தோட முகம் மேடைப் பக்கம் இல்ல, ஆடியன்ஸ் பக்கம். இதை மனசுல வெச்சுக்கங்க, கொஞ்ச நேரத்துல தேவைப்படும்.

ஃபெனீச்சேன்னா ஃபீனிக்ஸ். 1774ல வெனிஸ்ல சான் பெனதெத்தோன்னு ஒரு தியேட்டர் எரிஞ்சது. அதைத் திரும்பக் கட்டின பிறகு சொத்துத் தகராறு, கோர்ட், கேஸ். தோத்துப்போன குழு புதுசா ஒரு தியேட்டர் கட்டி இந்தப் பேரை வெச்சாங்க. 1792ல திறந்தாங்க. 1836 டிசம்பர்ல அதுவும் எரிஞ்சது. ஒரே வருஷத்துல திரும்பக் கட்டி, 1837 டிசம்பர்ல திறந்துட்டாங்க. வெர்தியோட 'லா த்ராவியாத்தா' 1853ல முதல்முதலா அரங்கேறினது அந்த இரண்டாவது கட்டடத்துலதான்.

1996 ஜனவரி 29 ராத்திரி அதுவும் போச்சு. உள்ளே எலெக்ட்ரிக் வேலை நடந்துட்டு இருந்தது. வேலை தாமதம், அபராதம் கட்டணும்ங்கிற நிலைமை. அந்த வேலையில இருந்த ரெண்டு எலெக்ட்ரீஷியன்கள்தான் தீ வெச்சாங்கன்னு 2001ல கோர்ட் தண்டனை கொடுத்துச்சு. இதுல கொடுமை என்னன்னா, ஊர் முழுக்க தண்ணி இருக்கிற வெனிஸ்ல, தியேட்டரை ஒட்டின கால்வாய்களைத் தூர்வார்றதுக்காக அப்போ வத்த வெச்சிருந்தாங்க. தீயணைப்புப் படகு பக்கத்துல வர முடியல. ஹெலிகாப்டர்ல தண்ணி கொண்டு வந்து ஊத்தினாங்க. அரங்கு உள்ளே முழுக்க மரம், துணி, பெயின்ட். விடிஞ்சப்போ மிஞ்சினது கிட்டத்தட்ட வெளிச் சுவர் மட்டும்தான்.

வெனிஸ்காரங்ககிட்ட ஒரு பழைய பிடிவாதம் உண்டு: எங்க இருந்ததோ அங்கேயே, எப்படி இருந்ததோ அப்படியே. 1902ல செயின்ட் மார்க்ஸ் சதுக்கத்து மணிக்கூண்டு இடிஞ்சு விழுந்தப்போ அப்படித்தான் திரும்பக் கட்டினாங்க. ஃபெனீச்சேக்கும் அதே முடிவுதான். 'எங்க'ங்கிறதுல பிரச்சினை இல்ல, சுவர் நிக்குது. 'எப்படி'ங்கிறதுலதான் சிக்கல். மூணாவது அடுக்கு பாக்ஸோட விளிம்புல இருந்த பூ எந்தப் பக்கம் வளைஞ்சது? பார்த்தவங்க ஆயிரக்கணக்குல இருப்பாங்க. ஞாபகத்தை வெச்சு செதுக்க முடியாதே.

இங்கதான் ஒரு சினிமா உதவிக்கு வருது. லுக்கினோ விஸ்கோந்தி 1954ல எடுத்த 'சென்சோ'. படத்தோட தொடக்கக் காட்சி ஃபெனீச்சே உள்ளேயே, கலர்ல எடுத்தது. மேடையில ஓப்பரா நடக்குது, ஆனா கதை மேடையில இல்ல. ஆஸ்திரிய ஆட்சிக்கு எதிரா மேல் அடுக்குல இருந்து துண்டுப் பிரசுரம் பறக்குது. அதனால கேமரா திரும்பி, ஆடியன்ஸை, பாக்ஸ் பாக்ஸா, அடுக்கு அடுக்கா காட்டுது. மறுகட்டுமானத்துக்கு டிசைன் போட்ட ஆல்டோ ரோஸியோட வேலையில, அந்தப் படத்து ஃப்ரேம்களைப் பார்த்து நுணுக்கங்களை எடுத்தாங்க. ரோஸி 1997லயே இறந்துட்டார், முடிவைப் பார்க்கல. டெண்டர் கேஸ், ஒப்பந்தக்காரர் மாற்றம்னு இழுத்து, 2003 டிசம்பர்ல திறந்தாங்க. விஸ்கோந்தி மேடையை மட்டும் எடுத்திருந்தா அந்த ஃப்ரேம்களால பெருசா பிரயோஜனம் இருந்திருக்காது.

இதையெல்லாம் நான் வெனிஸ்ல இருந்து திரும்பின பிறகுதான் படிச்சேன். படிச்சதும் எனக்கு ஒரு திமிர். நம்மகிட்டதான் 412 படம் இருக்கே! பிளெண்டர்ல ஒரே ஒரு பாக்ஸை மட்டும் 3டியில மாடல் பண்ணிப் பார்ப்போம்னு சனிக்கிழமை உட்கார்ந்தேன். ஞாயிறு மத்தியானம் கைவிட்டேன். என் படங்கள்ல சரவிளக்கு மட்டும் நூத்துக்கும் மேல. பாக்ஸ் எல்லாம் வைட் லென்ஸ்ல ஓரத்துல இழுபட்டு ரப்பர் மாதிரி இருக்கு. கேமராவை மேல சாய்ச்சதால செங்குத்துக் கோடு எல்லாம் உச்சியில சேர்ற மாதிரி சாயுது. குட்டைச் சுவரோட உயரம் எவ்வளவு? ஒரு படத்துலயும் தெரியல. கடைசியில அளவு சொன்ன ஒரே படம் ரூம்மேட் போன்ல இருந்தது. பசியில போரடிச்சு, அந்தக் குட்டைச் சுவர் மேல அவன் கையை வெச்சு, நேரா நின்னு எடுத்த படம். அவன் கையை அளந்து, அதை வெச்சு சுவர் உயரத்தைக் கணக்கு போட்டேன்.

அதுக்கப்புறம் எடுக்கிற முறையையே மாத்திக்கிட்டேன். பழைய அரங்குக்குப் போறவங்களுக்குச் சொல்றேன். முதல்ல நடு அச்சைக் கண்டுபிடிங்க. நடைபாதையோட மையம், சரவிளக்கு, எதிர்ல இருக்கிற ராஜா பாக்ஸ், மூணும் ஒரே கோட்டுல வரணும். ஒரு அடி தள்ளி நின்னாலும் சமச்சீர் போயிடும், அப்புறம் எடிட்டிங்ல உருட்டினாலும் வராது. கேமராவைச் சாய்க்காதீங்க. கூரை வரலன்னா பின்னாடி போங்க, இல்ல ஒரு அடுக்கு மேல ஏறுங்க. டேவிட் லெவென்தின்னு ஒரு போட்டோகிராபர் உலகம் முழுக்க ஓப்பரா ஹவுஸ்களை மேடை நடுவுல நின்னு, பெரிய ஃபிலிம் கேமராவுல, அரங்கோட விளக்கு வெளிச்சத்துல மட்டும் எடுத்திருக்கார். பாடகர் கண்ணுக்குத் தெரியற அரங்கு அது. தேடிப் பாருங்க. மேடையில ஏற நம்மளை விட மாட்டாங்க, முதல் வரிசைக்கு முன்னாடி நின்னு திரும்பினாலே பாதி கிடைச்சுடும்.

வெளிச்சம்தான் பெரிய தலைவலி. விளக்கு கண்ணைக் கூசும், பாக்ஸ் உள்ளே கும்மிருட்டு. ஒரே எக்ஸ்போஷர்ல ரெண்டும் வராது, அதனால அதே இடத்துல அசையாம மூணு எடுத்துச் சேர்க்கணும். போன்ல நைட் மோட் இதைத் தானா பண்ணுமேன்னு கேட்பீங்க. பண்ணும். ஆனா புள்ளி புள்ளியா வர்ற நாய்ஸைத் துடைக்கும்போது நுண்ணிய வேலைப்பாட்டையும் சேர்த்துத் துடைச்சுட்டு, ஒரு மாதிரி மெழுகு பூசி வெச்சுடும். இன்ஸ்டாவுக்கு ஓகே. செதுக்கணும்னா ஆகாது. ரா ஃபைல் எடுத்து வெச்சுக்கங்க. ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம், தங்க வேலைப்பாட்டோட மேடு பள்ளமே பக்கவாட்டு வெளிச்சத்துலதான் தெரியும், நேரா அடிச்சா தகரம் மாதிரி ஆயிடும். அழகான படம் எடுத்து முடிச்சப்புறம், அழகில்லாத படமும் நாலு எடுங்க: பாக்ஸோட அடிப்பக்கம், படிக்கட்டுக் கைப்பிடி, கதவுக் கொண்டி, பக்கத்துல ஒரு கை.

போன மாசம் மும்பை ராயல் ஓப்பரா ஹவுஸுக்கு ஒரு கச்சேரிக்குப் போயிருந்தேன். 1911ல வேலை முடியறதுக்கு முன்னாடியே ஐந்தாம் ஜார்ஜ் திறந்து வெச்ச கட்டடம். அப்புறம் சினிமா கொட்டகையா மாறி, 1993ல மூடி, இருபத்தி மூணு வருஷம் கழிச்சு, ஆபா நாராயண் லாம்பா தலைமையில சீரமைச்சு 2016ல திரும்பத் திறந்தாங்க. ஷோ ஆரம்பிக்க பதினஞ்சு நிமிஷம் இருக்கு. நான் முன் வரிசையில மேடைக்கு முதுகைக் காட்டி நின்னு, பால்கனியை மூணு எக்ஸ்போஷர்ல எடுத்துட்டு இருக்கேன். டிக்கெட் பார்க்கிற பெரியவர் பக்கத்துல வந்து, ரொம்பப் பரிவா என் தோளைத் தொட்டு, ஹிந்தியில சொன்னார்: "தம்பி, மேடை அந்தப் பக்கம்."

அவர் கையைக் கொஞ்சம் சுவர் மேல வைக்கச் சொல்லிக் கேட்டேன். வெச்சார்.