சூளை கற்பிக்கும் பாடம்



பொன்னேரியில் மின்சார ரயிலேறிச் சென்னை சென்ட்ரலில் இறங்கினால், நடந்து செல்லும் தொலைவில், பெரியமேட்டில் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. 1850ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் தம் சொந்த முயற்சியால் தொடங்கிய பள்ளி அது. பின்னர் அரசாங்கம் அதனை ஏற்றது. 1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி தலைமை ஏற்ற பிறகு அதன் ஓவியமும் சிற்பமும் நாடெங்கும் பேசப்பட்டன. களிமண்ணும் பீங்கானும் அங்கே பட்டப்படிப்புக்குரிய பாடம் என்பதை அறிந்தோர் சிலரே. நான்காண்டு இளங்கலைக்குப் பின் ஈராண்டு முதுகலையும் அதில் உண்டு.

“மண் பிசைவதற்குப் பட்டமா?” என்று கேட்பார் உண்டு. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் மாதச் சம்பளம் கிடைக்கும்போது, பிள்ளை ஆறாண்டு சேற்றில் கைவைப்பதா எனப் பெற்றோர் தயங்குவது இயல்பே. அக்கேள்வியை நான் எள்ளவில்லை. ஆனால் அத்தொழிற்பேட்டையின் உருக்காலைகளிலும் உலையின் உட்சுவர் தீத்தாங்கும் மண்பொருளால் ஆனதே. உருகிய இரும்பைத் தாங்கி நிற்பது இரும்பன்று.

நம் ஊர்க் குயவர் களிமண்ணோடு மணலைக் கலந்து மிதிக்கிறார். ஏன் என்று கேட்டால், “கலக்காவிட்டால் வெடிக்கும்” என்பார். அது முற்றிலும் உண்மை. மணல் கலந்த மண்ணில் நுண்துளைகள் மிகுதி. உள்ளிருக்கும் ஈரம் அவற்றின் வழியே வெளியேறுகிறது. மண் காயும்போது சுருங்குவதும் குறைகிறது. கல்லூரி மாணவன் இக்காரணத்தைக் கற்கிறான். குயவரோ காரியத்தைக் கற்றிருக்கிறார். காரணம் அறிந்தவன் காரியம் அறிந்தவரைத் தாழ்வாக எண்ணுவானாயின் அவன் படிப்பு பாதிப்படிப்பே. அவர் சக்கரத்தின் முன் ஒரு நாழிகை அமர்ந்து பார்த்தால் அவ்வெண்ணம் தானே அகலும்.

சுடுவதிலும் இவ்வாறே. பச்சை மண்பாண்டம் ஏறத்தாழ 600 பாகை செல்சியசைக் கடக்கும்போது, மண்ணோடு வேதியியல் முறையில் பிணைந்த நீரும் நீங்கிவிடுகிறது. பின்னர் அது ஒருபோதும் சேறாகாது. 573 பாகையில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் திடீரென விரிகிறது. குளிரும்போது அதே இடத்தில் சுருங்குகிறது. அவசரப்பட்டுச் சூளையைத் திறப்பவன் விரிசலையே காண்பான். வெண்களிமண், பெல்ஸ்பார், குவார்ட்ஸ் மூன்றையும் கலந்து 1300 பாகையளவில் சுட்டால் பீங்கான் பிறக்கிறது. பாண்டத்தின் மேலுள்ள பளபளப்பும் ஒருவகைக் கண்ணாடியே. அதில் சிறிது செம்புச் சேர்மம் கலந்து, காற்றோட்டமுள்ள சூளையில் சுட்டால் பச்சை நிறம் தரும். அதனையே காற்றைக் குறைத்துப் புகை சூழச் சுட்டால் குருதிச் சிவப்பாகும். கலவை ஒன்றுதான், நெருப்பின் நடத்தை மட்டுமே வேறு.

முதுகலை மாணவனின் உழைப்பில் பெரும்பகுதி இச்சோதனைகளே. சிறு சிறு வில்லைகளில் பூசி, எண்ணிட்டு, சுட்டு, குறிப்பேட்டில் எழுதுகிறான். பல வில்லைகள் பயனற்றுப் போகும். ஏன் போயின என்று எழுதாதவனுக்கு அடுத்த சூளையும் அவ்வாறே முடியும்.

படித்தபின் என் செய்வது? ஓட்டுத் தொழிற்சாலைகளும் மின்காப்புப் பீங்கான் ஆலைகளும் உண்டு. ஆசிரியப் பணியும் உண்டு. சொந்தக் கலைக்கூடம் அமைப்பது எளிதன்று. சூளைக்கும் எரிபொருளுக்கும் முதல் வேண்டும். எனினும் 1971இல் டெபரா ஸ்மித்தும் ரே மீக்கரும் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் மட்கலக்கூடத்தைத் தொடங்கினர். அங்கே பயின்றோர் பலர் பின்னர் தாமே சூளை அமைத்துக்கொண்டனர்.

விருப்பமுள்ளோர் விண்ணப்பம் எழுதுமுன் ஒன்று செய்து பாருங்கள். ஆரணியாற்றங்கரையிலோ ஊர் ஏரியிலோ, உரியவர் இசைவுடன், ஒரு பிடி களிமண் எடுத்துப் பிசைந்து, தட்டையான துண்டாக்கி, அதன்மேல் பத்து சென்டிமீட்டர் கோடு ஒன்று கீறுங்கள். நிழலில் ஒரு வாரம் உலர்த்தி அளந்து பாருங்கள். கோடு எவ்வளவு குறுகிற்று என்று தேதியிட்டு எழுதிக்கொண்டு, அத்துண்டை உங்கள் ஊர்க் குயவரின் சூளையில் வைக்கக் கேளுங்கள். வெந்து வந்ததும் மீண்டும் அளவுங்கள்.