ராஜாளி வளர்க்க ஆசைப்பட்டோம்

(ஐம்பதாம் ஆண்டு விழாக் குடும்ப நாளில் இளைஞர் பகுதியின் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)

 

கல்வி, வணிகம், சமுதாய ஒற்றுமை பற்றியெல்லாம் எங்களுக்கு முன் பேசியவர்கள் நிறைவாகப் பேசிவிட்டார்கள். நாங்கள் பறவைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். கால் மணி நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பிள்ளைகள் கைப்பேசியில் துபாய், கத்தார் காணொளிகளைப் பார்க்கிறார்கள். வெள்ளை உடுப்புப் போட்ட அரபி ஒருவர் கையுறை மாட்டிய கையை நீட்டுகிறார்; வானத்திலிருந்து ராஜாளி வந்து உட்காருகிறது. "அத்தா, நமக்கும் ஒன்று வாங்கித் தாங்களேன்" என்று கேட்ட பிள்ளைகள் இந்த மண்டபத்திலேயே சிலர் இருப்பார்கள். நாங்களும் அப்படிக் கேட்டவர்கள்தாம். கேட்டதோடு நிற்காமல் செய்தும் பார்த்தோம். அதில் ஓர் உயிர் போயிற்று. அதை மறைக்காமல் சொல்லத்தான் இங்கே நிற்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், பலத்த மழைக்காற்று அடித்த வாரம். கோல சிலாங்கூர் ஆற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் பாக்காவ் மரம் ஒன்று சாய்ந்து கிடந்தது. கிளையில் சுள்ளிக் கூடு. கூட்டோடு விழுந்த செம்பருந்துக் குஞ்சு ஒன்று உயிரோடு இருந்தது. தாய்ப்பறவை மேலே வட்டமிட்டுக் கத்திக்கொண்டிருந்தது. அதைக் கண்டும் குஞ்சைத் துண்டில் சுற்றி, எங்களில் ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோனோம். "காப்பாற்றப் போகிறோம்" என்று அவருடைய உம்மாவிடம் சொன்னோம். மனத்துக்குள் இருந்த எண்ணம் வேறு. அதைப் பழக்கிக் கையில் உட்கார வைத்து, பெருநாளன்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே எங்கள் ஆசை.

உணவில் குறை வைக்கவில்லை என்றுதான் நினைத்தோம். கோழியின் நெஞ்சுக்கறியை வாங்கி, தொண்டையில் சிக்கிவிடுமே என்று எலும்பை ஒன்றுவிடாமல் நீக்கி ஊட்டினோம். ஓடிவிடாதபடி ஒரு காலில் நைலான் கயிறு கட்டினோம். குஞ்சு நன்றாகத் தின்றது. மூன்றாவது வாரம் அதனால் எழுந்து நிற்க முடியவில்லை. கால்கள் வளைந்துவிட்டன. கயிறு கட்டிய கால் வீங்கியிருந்தது. கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் கேட்ட முதல் கேள்வி: "எலும்பு கொடுத்தீர்களா?"

வேட்டைப் பறவை தன் இரையை எலும்பு, தோல், ஈரலோடு தின்னும் பறவை. வளரும் குஞ்சுக்குச் சுண்ணாம்புச் சத்து அந்த எலும்பிலிருந்துதான் கிடைக்கிறது. வெறும் சதையை மட்டும் கொடுத்தால் வயிறு நிறையும், எலும்பு மெழுகாக வளையும். நாங்கள் அன்பாகச் செய்ததே அதற்கு நோயாகிவிட்டது. மறுநாள் காலை அது இறந்து கிடந்தது. வாழையடியில் புதைத்தோம். அந்த வீட்டு நன்னா அதிகம் பேசவில்லை. "தாய் மேலே கத்திக்கிட்டு இருந்துச்சுன்னு சொன்னீங்களே, அப்பவே பக்கத்து மரத்துல வச்சிருக்கலாமேப்பா?" என்று மட்டும் கேட்டார்.

மதரஸாவில் நாம் எல்லோரும் படித்த செய்திதான். ஒரு பயணத்தில் தோழர்கள் சிலர் சிறு பறவை ஒன்றின் இரண்டு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் குஞ்சுகளைத் தாயிடமே திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். இந்த ஹதீஸ் எங்களுக்குத் தெரியும். பாக்காவ் மரத்தடியில் நின்றபோது நினைவுக்கு வரவில்லை.

அதன்பிறகுதான் ராஜாளி வளர்ப்பு உண்மையில் என்ன என்று படிக்கவும், தெரிந்தவர்களிடம் கேட்கவும் தொடங்கினோம். காணொளியில் அரை நிமிடம் வருவதன் பின்னால் பல மாத உழைப்பு இருக்கிறது. முதலில் பறவையைக் கையில் ஏந்தி மணிக்கணக்கில் அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும், அது மனிதனைக் கண்டு அஞ்சாமல் கையிலேயே தின்னும்வரை. பிறகு ஓரடித் தூரத்திலிருந்து கைக்குத் தாவ வைக்க வேண்டும். அதன்பின் நீளக் கயிற்றில் கட்டித் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். கூப்பிட்ட ஒவ்வொரு முறையும் தயங்காமல் வருகிறது என்று உறுதியான பின்பே கயிற்றை அவிழ்ப்பார்கள். இத்தனை நாளும் தினமும் தராசில் நிறுத்து எழுதி வைப்பார்கள். எடை கூடினால் பறவைக்குப் பசி இராது, திரும்பி வராது. குறைந்தால் உடல் நலியும். நூறு இருநூறு கிராம் எடையுள்ள சிறு வல்லூறுக்கு நாலைந்து கிராம் வித்தியாசமே பெரிது. அடித்தோ அதட்டியோ இந்தப் பறவையிடம் எதையும் வாங்க முடியாது. ஒருமுறை அடித்தவனிடம் அது மறுமுறை வராது.

அமெரிக்காவில் இதைக் கற்க விரும்புகிறவர் அனுபவமுள்ள ஒருவரின் பொறுப்பில் குறைந்தது இரண்டு ஆண்டு பயிற்சியாளராக இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அரபு நாட்டுப் பழங்குடிகள் வலசை வரும் ராஜாளியைப் பிடித்து, சில வாரங்களில் பழக்கி, குளிர்காலம் முழுவதும் வேட்டையாடி, வெயில் தொடங்கும்போது திரும்பவும் வானத்தில் விட்டுவிடுவார்கள். அந்த வழக்கத்தின் நினைவாக ஷேக் சாயித் 1995இல் தொடங்கிய திட்டத்தில் இன்றும் ராஜாளிகள் விடுவிக்கப்படுகின்றன. ஐக்கிய அரபு அமீரகத்தில் ராஜாளிக்குத் தனிக் கடவுச்சீட்டு உண்டு, அபுதாபியில் தனி மருத்துவமனையும் உண்டு. 2010இல் யுனெஸ்கோ இந்தக் கலையை மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. பறவையின் கண்ணை மறைத்து அமைதிப்படுத்தும் தோல் தொப்பியை ஐரோப்பியருக்கு அறிமுகப்படுத்தியவர்கள் அரபிகள். 13ஆம் நூற்றாண்டில் பேரரசர் இரண்டாம் ஃபிரடெரிக் அதை அவர்களிடம் கற்றுக்கொண்டு தம் நூலில் எழுதி வைத்தார்.

நம் மார்க்கத்திலும் இதற்கு இடம் உண்டு. பழக்கிய வேட்டைப் பிராணி பிடித்து வருவதை, இறைவன் பெயர் கூறி அனுப்பியிருந்தால் உண்ணலாம் என்று திருக்குர்ஆனின் அல்மாயிதா அத்தியாயம் அனுமதிக்கிறது. எது பழகிய பிராணி என்பதற்கு ஹனஃபி சட்ட நூல்கள் சொல்லும் அளவுகோலை ஹஜ்ரத் எங்களுக்கு விளக்கினார்கள். வேட்டை நாய் என்றால், பிடித்ததை மூன்று முறை தின்னாமல் விட வேண்டும். பறவை என்றால், கூப்பிட்டால் திரும்பி வர வேண்டும். அதைக் கேட்டதும் எங்கள் நைலான் கயிறு நினைவுக்கு வந்தது. கட்டிப்போட்டதைத்தான் நாங்கள் பழக்கியதாக நினைத்திருந்தோம்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டோம். நம் நாட்டில் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட பறவையை உரிமம் இல்லாமல் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். தெரியாமல் செய்தோம் என்பது அந்தக் குஞ்சுக்கும் உதவவில்லை, சட்டத்துக்கு முன்னும் உதவாது.

அப்படியானால் நம் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு வேட்டைப் பறவையோடு பழக வழியே இல்லையா? இருக்கிறது. அது தோட்டத்திலேயே இருந்தது.

இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் நம் கோல சிலாங்கூர் மாவட்டத்தில்தான் உருவானது. 1917இல் பிரெஞ்சுக்காரர் ஹென்ரி ஃபோகோனியே, பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கத்தில் தென்னமரம் தோட்டத்தில் செம்பனை நட்டார். பின்னர் பால்மரங்கள் போன இடமெல்லாம் செம்பனை வந்தது. செம்பனைப் பழம் எலிக்கு விருந்து. எலி பெருகியது, எலி மருந்து வந்தது. நாளடைவில் பழைய மருந்துக்கு எலிகள் சாகாமல் போகவே, இன்னும் கடுமையான மருந்துகள் வந்தன. அந்த எலியைத் தின்ற கூகைகளும் செத்தன.

கூகை என்றால் எது என்று சிறுவர்களுக்குச் சொல்லிவிடுகிறோம். நெஞ்சு வெளுத்து, முகம் நறுக்கிய ஆப்பிள் போல இருக்கும் ஆந்தை. 1960களுக்கு முன் இந்நாட்டில் அரிதாகவே காணப்பட்ட பறவை. செம்பனையும் எலியும் பெருகியபோது அதுவும் பெருகியது. அதன் சிறகு அடிக்கும் ஓசை கேட்காது. இரண்டு காதுகளும் ஒரே உயரத்தில் இல்லாததால், கும்மிருட்டிலும் எலியின் சலசலப்பை வைத்தே இடத்தைக் கணித்துவிடும். ஓர் இணையும் குஞ்சுகளும் சேர்ந்து ஓராண்டில் ஏறத்தாழ ஆயிரம் எலிகளைத் தின்னும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதனால்தான் செம்பனைத் தோட்டங்களில் கம்பத்தின் மேல் மரப்பெட்டி வைத்து அதை வரவேற்கிறார்கள்.

ஆனால் நம் வீடுகளில் அதன் பெயர் என்ன? சாவுக் குருவி! மலாய்க்காரர்கள் ஆந்தையை 'பூரோங் ஹந்து', பேய்ப் பறவை, என்கிறார்கள். தோட்டக் கடை வைத்திருந்த எங்கள் நன்னாமார்கள் காலத்தில், லயத்துக் கூரையில் கூகை கத்தினால் கல்லெடுத்து விரட்டுவார்களாம். அறியாமைக் கால அரபிகளும் ஆந்தையைச் செத்தவரின் ஆவி என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டுக்குப் பிறகும் நாம் கல்லெடுத்துக்கொண்டிருந்தோம்.

புக்கிட் ரோத்தான் பக்கம் எங்கள் உறுப்பினர் ஒருவருக்குச் சில ஏக்கர் செம்பனை இருக்கிறது. அங்கே இரண்டு பெட்டிகள் வைத்தோம். ஆள் உயரத்தைப் போல இரண்டு மடங்கு உயரத்தில், வெயிலும் மழையும் நேராக அடிக்காத பக்கம் வாசல் வைத்து. முதல் ஆண்டு ஒரு பெட்டி காலியாகக் கிடந்தது, இன்னொன்றில் மைனா குடியேறியது. இரண்டாம் ஆண்டு கூகை வந்தது. சில மாதத்தில் ஒரு கூகை கீழே செத்துக் கிடந்தது. பக்கத்து நிலத்தில் போட்ட எலி மருந்தாகத்தான் இருக்க வேண்டும். நிலத்துக்காரரான மலாய் பாக்சிக்கிடம் சண்டைக்குப் போகவில்லை. தேநீர் குடித்துக்கொண்டே பேசினோம். பெட்டிக்கு அடியில் கிடந்த, கூகை கக்கிய உருண்டைகளை உடைத்துக் காட்டினோம். ஒவ்வொன்றிலும் எலி மண்டையோடுகள். அவர் எண்ணிப் பார்த்தார். மருந்தை நிறுத்தினார். இப்போது அவர் நிலத்திலும் ஒரு பெட்டி நிற்கிறது.

அந்தக் கூகைகள் எங்கள் கையில் உட்காருவதில்லை. நாங்கள் கூப்பிட்டு வருவதுமில்லை. மக்ரிபுக்குப் பிறகு பெட்டி வாசலில் வெள்ளை முகம் தெரியும்போது பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ராஜாளி வளர்ப்பவர் முதலில் கற்கும் பாடமும் அதுதானே, அசையாமல் நிற்பது.

முடிக்குமுன் பெற்றோருக்குச் சில வேண்டுகோள்கள். விழுந்த குஞ்சைக் கண்டால், காயமில்லை என்றால் பக்கத்து மரத்தில் ஒரு கூடையில் வைத்து, எட்ட நின்று தாய் வருகிறதா என்று பாருங்கள். காயம் இருந்தால் அட்டைப் பெட்டியில் போட்டு மூடி, இருட்டான இடத்தில் வைத்து, வனவிலங்குத் துறைக்குச் சொல்லுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். சோறு, ரொட்டி, பால் கொடுக்காதீர்கள். ஆற்றுப் படகில் போகும்போது கழுகுகளுக்குக் கோழித்தோல் வீசச் சொல்லி நிற்காதீர்கள். அதில் அவற்றுக்கு வேண்டிய எலும்பு இல்லை. உங்களிடம் இரண்டு ஏக்கர் இருந்தாலும் போதும், எங்களிடம் சொல்லுங்கள். பலகையும் ஆணியும் நாங்கள் கொண்டு வருகிறோம். பிள்ளைகளை மட்டும் அனுப்பி வையுங்கள்.

எங்கள் தவறை அல்லாஹ் மன்னிப்பானாக.