அளக்கும் கருவியும் அளவின் சொற்களும்



ஆகுபெயர் பயிற்றும் வகுப்பில் அளவை நான்கு என்று நாம் சொல்லித் தருகிறோம். எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்பன அவை. பழத்தை எண்ணினோம், பொன்னை எடுத்து நிறுத்தோம், நெல்லை முகந்தோம், துணியை நீட்டி அளந்தோம். பொருளுக்கேற்ற அளவை, அளவைக்கேற்ற கருவி என்பதே முன்னோர் கண்ட முறை. இன்று ஆய்வுக்கூடங்களிலும் தொழிற்சாலைகளிலும் உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டி இந்நான்கையும் ஒன்றாக்கிவிட்டது. கணினியின் யூ.எஸ்.பி. துளையில் அதனைச் செருகினால், எடையும் நீளமும் ஓட்டமும் வெப்பமும் அதிர்வும் எண்களாக உள்ளே வந்து சேர்கின்றன. பிற அளவைகள் எல்லாம் எண்ணலளவைக்குள் அடங்கிவிடுகின்றன. அக்கருவியைத் தரவு திரட்டி என்று நாம் இங்கு வழங்குவோம். அது எவ்வாறு இயங்குகிறது, எங்கே நம்மை ஏமாற்றக்கூடும், அதனை நம் மாணவர்க்கு விளக்க எத்தகைய சொற்கள் வேண்டும் என்பனவே இன்றைய உரையின் பொருள்.

பொருளிலிருந்து எண் வரை

இயற்கையில் வெப்பமும் அழுத்தமும் இடையறாது மாறுவன. உணரி எனப்படும் சிறு உறுப்பு அம்மாற்றத்தை மின்னழுத்த மாற்றமாக்குகிறது. பாலத்தின் உத்தரம் மயிரிழையளவு வளைந்தாலும், அதன்மேல் ஒட்டிய தகட்டின் மின்தடை மாறுகிறது. அம்மாற்றம் சில மில்லிவோல்ட் அளவில் வெளிப்படுகிறது. தரவு திரட்டி அதனைப் பெருக்கி, வேண்டாத அலைகளை வடிகட்டி, ஒப்புமை-இலக்க மாற்றி என்னும் சில்லுக்கு அனுப்புகிறது. அச்சில்லு குறித்த இடைவெளிதோறும் மின்னழுத்தத்தைப் பார்த்து, ஒவ்வொரு முறையும் ஓர் எண்ணை எழுதுகிறது. அவ்வெண்கள் கருவியின் நினைவகத்தில் சிறிது நேரம் தங்கி, கம்பிவழியே கணினிக்குச் செல்கின்றன.

இங்கே நாம் கவனிக்க வேண்டுவது ஒன்று உண்டு. கணினிக்கு வந்து சேர்வது வெப்பமன்று, அதிர்வுமன்று, அவற்றின் மாதிரிகளே. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பழமொழி. பானை முழுதும் ஒருசீராக வெந்திருக்கும்போது அது பொருந்தும். பானையே நொடிக்கு நொடி மாறுமாயின், எத்தனை சோறு எடுத்துப் பார்க்க வேண்டும்? இவ்வினாவுக்கு விடை கண்டவர்களுள் ஹேரி நைக்குவிஸ்டும் கிளாடு ஷனனும் முதன்மையானவர்கள். தந்திச் செலுத்தம் பற்றி 1928இல் நைக்குவிஸ்டு எழுதிய கட்டுரையும், 1949இல் ஷனன் வெளியிட்ட கட்டுரையும் இன்றைய அளவியலுக்கு அடிப்படை. ஓர் அலையில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண் எதுவோ, அதன் இருமடங்குக்கும் மேலான வேகத்தில் மாதிரி எடுத்தால்தான் அவ்வலையை மீண்டும் வரைய இயலும் என்பது அதன் சாரம்.

அவ்விதியை மீறினால் தரவு குறைந்துபோவதோடு நில்லாது, பொய்யான தரவே தோன்றும். ஓர் இயந்திரம் நொடிக்கு 900 முறை அதிர்கிறது என்க. நாம் நொடிக்கு 1,000 மாதிரிகள் மட்டுமே எடுத்தால், திரையில் 100 முறை அதிரும் ஓர் அலை தெளிவாகத் தெரியும். அப்படியோர் அதிர்வு அவ்வியந்திரத்தில் இல்லவே இல்லை. ஆயினும் அதன் வடிவில் குறையிராது. பார்ப்பவர் ஐயுறவும் மாட்டார். இல்லாத 100க்குக் காரணம் தேடி, இருக்கும் 900ஐக் காணாது விடுவார். திரைப்படத்தில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதுபோல் தோன்றுவதும் இவ்வகை மயக்கமே. மாதிரி எடுத்த பின்னர் எந்த மென்பொருளாலும் இப்பொய்யலையை மெய்யலையிலிருந்து பிரித்தறிய இயலாது. ஆதலின், மாற்றிக்கு முன்னரே வடிகட்டி நிற்றல் வேண்டும். விலை குறைந்த கருவிகள் பலவற்றில் அவ்வடிகட்டி இல்லை என்பதை மாணவர் அறிந்திருத்தல் நன்று.

முழுவேகம் என்னும் குறைவேகம்

இனி வேகத்துக்கு வருவோம். அளவுக் கருவிகளைக் கணினியோடு இணைக்கும் முயற்சி யூ.எஸ்.பி.யால் தொடங்கியதன்று. ஹியூலட்-பேக்கர்ட் நிறுவனம் 1960களின் பிற்பகுதியில் உருவாக்கிய இணைப்புமுறை, 1975இல் ஐ.இ.இ.இ. 488 என்னும் தரமாயிற்று. தடித்த கம்பியில் எட்டுத் தரவு இழைகள். ஓர் இணைப்பில் பதினைந்து கருவிகள் வரை. உச்ச வேகம் நொடிக்கு ஒரு மெகாபைட். அந்நிறுவனம் 1972இல் பினாங்கின் பாயான் லெப்பாசில் கால் பதித்தது. அதன் அளவுக் கருவித் துறையின் வழிவந்த நிறுவனம் இன்றும் அங்கே இயங்குகிறது. ஆகவே, அளவுக் கருவி என்பது இந்நாட்டுக்கு எங்கோ தொலைவிலுள்ள செய்தியன்று.

யூ.எஸ்.பி. 1996இல் வெளிவந்தபோது அதன் உயர்ந்த வேகம் நொடிக்கு 12 மெகாபிட். அதற்கு முழுவேகம் என்று பெயரிட்டனர். 2000ஆம் ஆண்டில் வந்த இரண்டாம் பதிப்பு 480 மெகாபிட் வேகத்தைத் தந்தது. முழுவேகம் என்ற பெயர் முன்னரே வழங்கப்பட்டுவிட்டமையால், இதனை உயர்வேகம் என்றனர். 2008இல் வந்த மூன்றாம் பதிப்பின் 5 கிகாபிட் வேகம் மீவேகம் ஆயிற்று. மொழி பயில்வோர் இங்கே புன்னகைக்கலாம்: முழுமையானது, உயர்ந்ததில் நாற்பதில் ஒரு பங்கு! புன்னகைத்தபின் எச்சரிக்கையும் கொள்ள வேண்டும். பெட்டியின்மேல் யூ.எஸ்.பி. 2.0 என்று அச்சிட்டிருந்தாலும் உள்ளே இருப்பது முழுவேகக் கருவியாக இருக்கலாம். விதி அதனைத் தடுக்கவில்லை.

கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். எட்டு உணரிகள், ஒவ்வொன்றிலும் நொடிக்குப் பத்து இலட்சம் மாதிரிகள், ஒரு மாதிரிக்கு இரண்டு பைட். பெருக்கினால் நொடிக்கு 16 மெகாபைட், அதாவது 128 மெகாபிட். முழுவேகக் கம்பியில் இது செல்லாது. உயர்வேகக் கம்பியில் தாராளமாகச் செல்லும். ஆயினும், 480ஐ எட்டால் வகுத்து 60 மெகாபைட் கிடைக்கும் என்று எண்ணிவிடல் ஆகாது. செலுத்த விதிகளுக்கான செலவு போக, மொத்தச் செலுத்தத்தில் தரவுக்கு எஞ்சும் உச்ச அளவு ஏறத்தாழ 53 மெகாபைட்; நடைமுறையில் அதனினும் குறைவு. மேற்கண்ட அளவீட்டைப் பத்து நிமிடம் நடத்தினால் 9.6 கிகாபைட் சேரும். அதனைச் சேமிக்கவும் ஆராயவும் வழி உண்டா என்று முன்னரே எண்ணிக்கொள்ளல் வேண்டும்.

உரிய நேரமா, உறுதியான வரவா?

யூ.எஸ்.பி. தரவைச் செலுத்தும் முறைகளுள் இரண்டு நம் பொருளுக்கு உரியன. ஒன்று மொத்தச் செலுத்தம். இதில் ஒவ்வொரு பொதியும் சரிபார்க்கப்படும். பழுது நேர்ந்தால் மீண்டும் அனுப்பப்படும். எப்போது சேரும் என்பதற்கு மட்டும் உறுதியில்லை. மற்றொன்று சமகாலச் செலுத்தம். இதில் நேரத்துக்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்கும். வழியில் பழுதானது பழுதானதே, மீண்டும் வாராது. இசையைக் கேட்கும்போது ஒரு துளி விடுபட்டால் செவி பொறுத்துக்கொள்ளும். அளவீட்டில் ஒரு மாதிரி விடுபட்டாலும் பின்வரும் மாதிரிகளின் காலக்கணக்கு பிறழ்ந்துவிடும். ஆதலின், தரவு திரட்டிகள் பெரும்பாலும் மொத்தச் செலுத்தத்தையே மேற்கொள்கின்றன.

அவ்வாறாயின் காலம் எவ்வாறு காக்கப்படுகிறது? மாதிரி எடுக்கும் நேரத்தைக் கணினி வகுப்பதில்லை. கருவிக்குள் இருக்கும் படிகக் கடிகாரமே அதனை வகுக்கிறது. கணினி வேறு பணியில் மூழ்கியிருக்கும்போது, எடுத்த மாதிரிகள் கருவியின் நினைவகத்தில் வரிசை குலையாது காத்திருக்கும். நொடிக்குப் பத்து இலட்சம் மாதிரி எடுக்கும் கருவியில் 64,000 மாதிரிகளுக்கு இடமிருந்தால், கணினி 64 மில்லிநொடி தாமதிக்கலாம். அதற்குமேல் தாமதித்தால் நினைவகம் வழிந்து தரவு அழியும். நல்ல கருவி அதனை உடனே அறிவித்து நிற்கும். சொல்லாமல் விடுபடும் தரவே நம் முடிவுகளைக் கெடுப்பது.

மற்றொரு நுட்பமும் உண்டு. எட்டு உள்ளீடுகள் இருப்பதால் எட்டு மாற்றிகள் இருக்கும் என்று கொள்ளலாகாது. பல கருவிகளில் மாற்றி ஒன்றே. அது ஒவ்வோர் உள்ளீட்டையும் முறைவைத்துப் பார்க்கிறது. நொடிக்கு 250,000 மாதிரி என்றால், எட்டுக்கும் பகிர்ந்தபின் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 31,250. மேலும், முதல் உள்ளீட்டுக்கும் எட்டாவதற்கும் இடையே 28 மைக்ரோநொடி வேறுபாடு விழுகிறது. நம் வீட்டு மின்சாரத்தின் 50 சுழற்சியில் அது அரைப் பாகைதான். நொடிக்கு 5,000 சுழலும் அலையில் அதுவே 50 பாகையாகிறது. இரண்டு அலைகளுள் எது முந்தியது என்று ஆராய்வோர்க்கு இவ்வேறுபாடு விடையையே மாற்றிவிடும்.

மூன்று பொருளுக்கு ஒரு சொல்லா?

இனி மொழிமன்றத்துக்கு உரிய வினாவுக்கு வருகிறோம். கருவியின் குறிப்பேட்டில் 16 பிட் என்று இருக்கும். வகுப்பில் அதனை விளக்கும்போது, மிகத் துல்லியமான கருவி என்று சொல்லிவிடுகிறோம். அது சரியன்று. 16 பிட் என்பது அளவெல்லையை 65,536 படிகளாகப் பகுக்கும் திறன். எதிர் 10 முதல் நேர் 10 வோல்ட் வரையுள்ள 20 வோல்ட்டை அவ்வாறு பகுத்தால், ஒரு படி ஏறத்தாழ 0.3 மில்லிவோல்ட். இது பிரிதிறன். அதே கருவி உண்மை மதிப்பிலிருந்து 5 மில்லிவோல்ட் விலகிக் காட்டக்கூடும். அவ்விலகல் எவ்வளவு சிறியது என்பதே துல்லியம். ஒரே மின்னழுத்தத்தை நூறு முறை அளந்தால் நூறு விடைகளும் தம்முள் நெருங்கி நிற்கின்றனவா என்பது நுட்பம். நுட்பம் இருந்து துல்லியம் இல்லாத கருவி, ஒரே பிழையைத் தவறாமல் திரும்பச் செய்யும். இம்மூன்றையும் துல்லியம் என்ற ஒரே சொல்லால் குறிப்போமாயின், மாணவர் மூன்று கருத்துகளையும் ஒன்றெனவே மனத்தில் பதித்துக்கொள்வர்.

நம் பழைய கணக்கியலிலேயே இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. அம்முந்திரியில் 320இல் ஒரு பங்கு கீழ்முந்திரி. அதாவது 102,400இல் ஒன்று. 16 பிட் மாற்றியின் ஒரு படியினும் இது நுண்ணியது! இதனை மாணவரிடம் சொன்னால் பெருமிதம் கொள்வர், கொள்ளட்டும். ஆனால் அடுத்த வினாவையும் நாமே எழுப்புதல் வேண்டும். கணக்கேட்டில் கீழ்முந்திரி எழுத முடிந்தமையால், துலாக்கோலும் கீழ்முந்திரியை உணர்ந்தது என்று ஆகுமா? ஆகாது. எழுதக்கூடிய பகுப்பு வேறு. அளக்கக்கூடிய பகுப்பு வேறு. கருவியின் பிட் எண்ணிக்கைக்கும் அதன் துல்லியத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவே. தமிழ்க் கணக்கை அறிந்த மாணவர்க்கு இக்கருத்தை ஐந்து நிமிடத்தில் உணர்த்திவிடலாம்.

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் பயிலும் மாணவர், இடைநிலைப்பள்ளியின் முதலாண்டிலேயே மலாய்மொழியில் கெஜித்துவான், கெபெர்சிசான், கெப்பெக்கான் என்னும் மூன்று சொற்களைச் சந்திக்கின்றார். முதலாவது துல்லியம், அடுத்தது நுட்பம், மூன்றாவது சிறு மாற்றத்தையும் உணரும் கூர்மை. மலாய்மொழி இவற்றைத் தனித்தனிச் சொற்களாக வரையறுத்துப் பாடநூலில் வைத்திருக்கிறது. தமிழில் சொற்கள் இல்லாமலில்லை. வரையறுத்து வழங்கும் ஒழுங்கே வேண்டுவது. அவ்வொழுங்கு இன்றேல், அறிவியல் என்பது தமிழை விட்டபின் தொடங்குவது என்று பன்னிரண்டு வயதிலேயே அப்பிள்ளை முடிவு கட்டிவிடக்கூடும். அவ்வெண்ணம் ஒருமுறை வேரூன்றினால் எந்தச் சொற்பொழிவாலும் களைய முடியாது.

ஆசிரியர்கள் இதற்கு விலையுயர்ந்த கருவியைத் தேட வேண்டுவதில்லை. கணினியின் ஒலிவாங்கியும் ஒரு வகையில் தரவு திரட்டியே. குறுந்தட்டின் தரத்தில் அது நொடிக்கு 44,100 மாதிரி எடுக்கும். இசைக்கவையைத் தட்டி, அலையைத் திரையில் காட்டி, பத்து மாதிரிக்கு ஒன்றை மட்டும் வைத்து மீண்டும் வரைந்தால், பொய்யலை தோன்றுகிறதா என்று மாணவரே ஆராயலாம். எந்த இசைக்கவைக்குத் தோன்றும், எதற்குத் தோன்றாது என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்லப் பணிக்கலாம். மின்சுவரின் 230 வோல்ட்டை மட்டும் எவரும் நேரே இணைத்துப் பார்த்தலாகாது. அது கருவியையும் கணினியையும் எரிப்பதோடு உயிருக்கும் ஊறாகும்.

மாணவச் செல்வங்களே, இனி எந்த அளவுக் கருவியைக் கண்டாலும் நான்கு வினாக்களைக் கேளுங்கள். ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் நொடிக்கு எத்தனை மாதிரி? மாற்றிக்கு முன் வடிகட்டி உண்டா? பிரிதிறன் எவ்வளவு, துல்லியம் எவ்வளவு? தரவு விடுபட்டால் கருவி சொல்லுமா? இந்நான்கையும் தமிழிலேயே கேட்க முடியும் என்பதை இன்று கண்டோம். விடையையும் தமிழிலேயே எழுதிப் பழகுங்கள்.