ஆலைக்கு உள்ளே யார்? வெளியே யார்?



“ஆலைகளின் காலம் முடிந்துவிட்டது, இனி சேவைத் தொழில்களின் காலம்” என்று பொருளாதாரப் பண்டிதர்கள் பேசுகிறார்கள். மூடிக் கிடக்கும் பஞ்சாலைகளைப் பார்க்கிற நமக்கும் அது உண்மைதானோ என்று தோன்றும். இதைச் சற்று ஆராய்வோம்.

சேவைத் தொழில் என்றால் என்ன? கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய பண்டத்தை உண்டாக்காத தொழில். ரயில், லாரி, பாங்கு, கடை, ஓட்டல், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கம்ப்யூட்டர் கம்பெனி எல்லாம் இதில் அடக்கம். இன்று நம் நாட்டு வருமானத்தில் பாதிக்கு மேல் இவற்றின் கணக்கில்தான் வருகிறது. ஆனால் உழைப்பாளிகளில் நூற்றுக்குச் சுமார் 30 பேருக்குத்தான் இவற்றில் வேலை. ஆலைகளிலும் பட்டறைகளிலும் 11 அல்லது 12 பேர். விவசாயத்தை நம்பியிருப்பவர்களோ சுமார் 45 பேர்; அவர்கள் பங்குக்கு வருவது வருமானத்தில் ஐந்தில் ஒரு பாகம்கூட இல்லை. வேறு வேலை இல்லாமல் வயலிலே கைகள் குவிந்தால் கூலி எப்படி உயரும்? ஆகவே, ஆலைப் பிரச்னை விவசாயத் தொழிலாளியின் பிரச்னையுமாகும்.

சேவைத் தொழில் ஆகாயத்திலிருந்து குதிப்பதில்லை. கோவையைப் பாருங்கள். 1888இல் அங்கே முதல் பஞ்சாலை வந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின. யந்திரங்களைப் பழுதுபார்க்கப் பட்டறைகள் எழுந்தன. பட்டறைகளில் மோட்டாரும் பம்புசெட்டும் செய்தார்கள். அவை கிராமத்துக் கிணறுகளுக்குப் போயின. நூலைச் சுமக்க லாரிகள், பணம் புரள பாங்குகள், தொழிலாளிக்குச் சோறு போட ஓட்டல்கள் வந்தன. ஸ்ரீபெரும்புதூரிலே 2006இல் தொடங்கிய நோக்கியா செல்போன் ஆலை 2014 நவம்பரில் நின்றது. ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். ஓர் ஆலை நின்றால் அதை அண்டிப் பிழைக்கும் டீக்கடையும் வேனும் நின்றுபோகும் அல்லவா?

இன்னொரு சூழ்ச்சியையும் கவனிக்க வேண்டும். முன்பு ஆலையைக் கூட்டிப் பெருக்கிய சகோதரியும், கேண்டீன் தொழிலாளியும், வாட்ச்மேனும் ஆலையின் மஸ்டர் ரோலில் இருந்தார்கள். இன்று பல ஆலைகளில் அந்த வேலை காண்டிராக்டரிடம் போய்விட்டது. துடைப்பம் அதே துடைப்பம். தரை அதே தரை. ஆனால் புள்ளிவிவரத்திலே அவர் சேவைத் தொழிலுக்கு மாறிவிடுகிறார். ஆலை ஒப்பந்தத்தின் சம்பளமும் பஞ்சப்படியும் அவருக்கு இல்லை. “சேவை வளர்கிறது” என்ற கூக்குரலில் ஒரு பகுதி இந்தக் கணக்கு மாற்றம்தான்.

பண்டம் செய்பவன்தான் தொழிலாளி, மற்றவன் அல்ல என்று நம்மில் சிலர் நினைப்பதும் தவறு. பண்டத்தை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டு சேர்க்கும் உழைப்பும் அதற்கு மதிப்பைச் சேர்க்கிறது என்று மார்க்ஸ் ‘மூலதனம்’ இரண்டாம் பாகத்தில் விளக்கியிருக்கிறார். திருப்பூரில் தைத்த பனியன் தூத்துக்குடி துறைமுகம் போய்ச் சேராவிட்டால் முதலாளிக்கு லாபம் ஏது?

வீடுவீடாகச் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோகும் இளைஞர்களைப் பாருங்கள். விவசாயத் தொழிலாளியின் மகன் அவர்களில் உண்டு. மூடிய ஆலைத் தொழிலாளியின் மகனும் உண்டு. 2020இல் இயற்றி 2025 நவம்பரில் அமலுக்குக் கொண்டுவந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, இவர்கள் முதலாளி–தொழிலாளி என்ற வழக்கமான உறவுக்கு வெளியே உள்ளவர்கள் என்கிறது. மோட்டார் சைக்கிள் அவனுடையது, பெட்ரோல் அவனுடையது, விபத்தும் அவனுடையது. வேலையையும் கூலியையும் தீர்மானிப்பதோ கம்பெனி! இது தொழிலாளி உறவு இல்லையென்றால் வேறு எது?

ஆகவே நாம் செய்ய வேண்டியது என்ன? மூடிய ஆலைகளைத் திறக்கவும், கிராமங்களுக்கு அருகே புதிய தொழில்கள் தொடங்கவும் சர்க்காரை நிர்ப்பந்திக்க வேண்டும். நிரந்தர வேலைக்குக் காண்டிராக்ட் கூடாது என்று போராட வேண்டும். எல்லாவற்றுக்கும் முதலில், நமது சங்கத்தின் கதவைக் காண்டிராக்ட் தொழிலாளிக்குத் திறந்துவிட வேண்டும். நாளை ஷிப்டுக்குப் போகும்போது, கேட்டருகே துடைப்பத்துடன் நிற்கும் சகோதரியிடம் சங்க ரசீதுப் புத்தகத்தை நீட்டுங்கள். முதலாளி பிரித்த கணக்கை நாம் ஒன்றாக்குவோம்!