சாம்பலானா என்னடா, குழி இருக்குல்ல!

தலைப்பு: குழந்தைகளுக்கு அதிக மகிழ்ச்சி தருவது கடையில் வாங்கிய பொருளா, கையால் செய்த பொருளா?
இடம்: திருவண்ணாமலை



எதிரணியில் பேசிய அண்ணன், "எல்லாம் கடையில கிடைக்குது, எதுக்கும்மா கஷ்டப்படணும்?" என்று கேட்டார். அண்ணே, நான் தையல் வேலை செய்யறவ. எல்லாரும் அவங்கவங்க துணியை அவங்களே தைச்சுக்கிட்டா என் பொழப்பு என்ன ஆகும்? (சிரிப்பு) கடையே வேண்டாம்னு சொல்ல வரலை. கடையில கிடைக்காத ஒண்ணைப் பத்திச் சொல்ல வந்திருக்கேன்.

சில வருஷத்துக்கு முன்னால ஒரு கார்த்திகை மாசம். வீட்டுக்காரருக்கு வேலை இல்லை. தீபாவளிக்கே பட்டாசு வாங்கலை. "தீபத்துக்காவது வாங்கித் தாம்மா"ன்னு என் பத்து வயசுப் பையன் அழறான். "உங்க வீட்ல காசு இல்லையா?"ன்னு தெருப் பையன் ஒருத்தன் கேட்டுட்டானாம். எனக்குத் தொண்டை அடைச்சிடுச்சு.

திண்ணையில இருந்த என் மாமனார் எழுந்தார். "வாடா பேராண்டி, மாவலி செய்யலாம்!"

டி.வி. பார்க்கிறவங்களுக்காகச் சொல்றேன். ஆண் பனையில காய்ஞ்சு தொங்கும் பூவைக் கொண்டு வரணும். குழி வெட்டி, அதுல போட்டுக் கொளுத்தி, நல்லா பிடிச்சதும் மண்ணால மூடணும். ஆறினதும் கரியை இடிச்சுத் தூளாக்கி, பருத்தித் துணியில சுருட்டிக் கட்டணும். பனை மட்டையைப் பிளந்து அதை நடுவுல வைச்சு, நீளமா கயிறு கட்டணும். நுனியில நெருப்பு வைச்சுச் சுத்தினா, பூப்பூவா பொறி பறக்கும்!

ஆனா முதல் தடவை என்ன ஆச்சு தெரியுமா? என் பையன் அவசரப்பட்டு, குழியைப் பாதியிலேயே திறந்துட்டான். காத்து புகுந்து அத்தனையும் சாம்பல். பிள்ளை தேம்பித் தேம்பி அழறான். தாத்தா ஒரு வார்த்தை திட்டலை. "சாம்பலானா என்னடா, குழி இருக்குல்ல!" என்றார். (கைதட்டல்)

காத்து இருந்தா எரிஞ்சு சாம்பலாகும், காத்தை அடைச்சா கரியாகும். அந்தக் கரியைக் கயிறு கட்டிச் சுத்தும்போது மறுபடி காத்து கிடைக்குது, பொறி பறக்குது. எந்தப் புத்தகத்துல படிச்சாலும் இவ்வளவு சீக்கிரம் மண்டையில ஏறுமா?

தீபத்தன்னிக்கு, 2,668 அடி மலை உச்சியில ஜோதி தெரிஞ்சதும் ஊரெல்லாம் அரோகரா. வீட்டு வாசல்ல விளக்கேத்திட்டு, காலி மைதானத்துக்குப் போனோம். பருத்திச் சட்டை, பக்கத்துல ஒரு வாளித் தண்ணி, கூடவே தாத்தா. என் பையன் சுத்தினான் பாருங்க, தலைக்கு மேல ஒரு நெருப்பு வட்டம்! காசு இல்லையான்னு கேட்ட அதே பையன் ஓடி வந்து, "எனக்கும் சொல்லித் தர்றியா?"ன்னு கேட்டான். (பலத்த கைதட்டல்)

நாங்க மட்டும் இல்லீங்க. அரவிந்த் குப்தான்னு ஒரு பொறியாளர். கான்பூர் ஐ.ஐ.டி.யில படிச்சவர். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைச்சே பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் சொல்லித் தந்தார். குச்சியைச் சேர்த்து சதுரம் செஞ்சு அழுத்தினா சாயுது, முக்கோணம் சாயாது. பாலத்துல ஏன் முக்கோணம் இருக்குன்னு பிள்ளைக்குப் புரிஞ்சிடுது. குப்பையிலிருந்து பொம்மை செய்யக் கத்துக் கொடுத்த அவருக்கு 2018-ல் பத்மஸ்ரீ விருது கிடைச்சது.

அடுத்த கார்த்திகைக்கு என் மாமனார் இல்லை. அந்த வருஷம் நான் எதுவும் பேசலை. என் பையனே மண்வெட்டியை எடுத்தான். ஒருத்தன் பனம்பூ கொண்டு வந்தான், ஒருத்தன் கயிறு, நான் துணி. சின்னப் பையன் ஒருத்தன் அவசரமா குழியைத் திறக்கப் போனான். என் பையன் அவன் கையைப் பிடிச்சு, "பொறுடா, எங்க தாத்தா சொல்லியிருக்காரு" என்றான். அந்த நிமிஷம் என் மாமனார் அந்தக் குழிக்குப் பக்கத்துலதான் நின்னுக்கிட்டிருந்தார்.

பட்டாசு அன்னிக்கே முடிஞ்சு போகும். பாட்டன் கையிலிருந்து பேரன் கைக்கு வந்தது முடியாது.

நடுவர் அவர்களே, தீர்ப்பை மட்டும் கடையில வாங்க முடியாது. நீங்கதான் செய்யணும்! (சிரிப்பு) (கைதட்டல்)