கூட்டெழுத்தும் நம் குழந்தைகளும்



நம் குழந்தைகளிற் பலர் இன்று ஆங்கிலப் பள்ளிகளிற் கற்கின்றனர். அங்கே 5, 6 வயதிலேயே நாலு கோட்டு நோட்டை விரித்து, ஆங்கில எழுத்துக்களை ஒன்றோடொன்று பிணைத்தெழுதும் கூட்டெழுத்தைப் பயிலுகின்றனர். சிலருக்கு மட்டும் அது கைவருவதில்லை. அச்சிலரை ‘மக்கு’ என்று வைது அடிப்பது நியாயமாகுமா? அவர்களுக்குக் கூட்டெழுத்து வேண்டுவதுதானா? இவையே இன்று நாம் ஆராயவேண்டிய விஷயங்கள்.

முதலாவது, இஃது அறிவின் குறையன்று. 1896-ஆம் ஆண்டிலேயே பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கில வைத்தியர் 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். அவன் கணக்கில் வல்லவன். ஆயினும் சிறு சொற்களையும் வாசிக்க இயலாது இடர்ப்பட்டான். இவ்வாறு வாசிப்புத் தடைப்படுவதை டிஸ்லெக்ஸியா என்றும், எழுத்துத் தடைப்படுவதை டிஸ்கிராஃபியா என்றும் இக்காலத்தார் வழங்குவர்.

கூட்டெழுத்து வேண்டும் என்போர் கூறுவதிலும் நியாயம் உண்டு. ஏ, பி, ஸி, டி வரிசையின் சிறிய பி-யும் டி-யும் அச்சுவடிவில் கண்ணாடியிற் கண்ட உருவம்போல் ஒன்றற்கொன்று எதிராக நிற்கும். அதனால் குழந்தை மயங்கும். கூட்டெழுத்தில் அவ்விரண்டும் வெவ்வேறு விதமாகத் தொடங்குவதால் மயக்கம் குறையும். அமெரிக்காவில் டாக்டர் ஆர்ட்டன், கில்லிங்காம் அம்மையார் ஆகியோர் வகுத்த முறையைக் கையாளும் ஆசிரியரிற் பலர் இதனை விரும்புகின்றனர்.

வேண்டா என்போர் கூறுவதும் தள்ளத்தக்கதன்று. வாசிப்பது ஒரு வடிவம், எழுதுவது வேறு வடிவம் என்றால், பெரியதும் சிறியதுமாக ஓர் எழுத்துக்கு நான்கு உருவங்கள் ஆகின்றன. தமிழ்க் குழந்தைக்கோ நெடுங்கணக்கின் 247 எழுத்துக்களும் உடன் உள்ளன. விரல் தடுமாறும் குழந்தை இவ்வளவையும் ஒருங்கே சுமக்குமா?

தேசங்களும் இதில் ஒருமனப்படவில்லை. பிரான்ஸில் தொடக்க வகுப்பிலேயே கூட்டெழுத்துப் பயிற்றுவர். அமெரிக்காவில் 2010-இல் வெளிவந்த பொதுப் பாடநெறி அதனை வற்புறுத்தாது விட்டது. கலிபோர்னியா மாகாணமோ 2023-இல் சட்டமியற்றி மீண்டும் கொணர்ந்தது.

ஆதலின் நமது அபிப்பிராயம் இது: முதலில் ஒரு வடிவமே போதும். அது கையிற் படிந்தபின், குழந்தைக்கு இசையுமாயின், மற்றொன்றைக் கற்பிக்கலாம். இசையாதாயின் விட்டுவிடுவதால் நஷ்டமில்லை. நம் முன்னோர் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுதிக் கற்றனர். அம்முறை இக்குழந்தைகளுக்கு இன்றும் துணை செய்யும்.

பெற்றோர் சட்டத்தையும் அறிதல் வேண்டும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் விலக்குகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் இக்கற்றல் இடர்களையும் தன்னுள் அடக்கியுள்ளது. உரிய சான்றிதழ் பெற்றவர்க்குப் பரீட்சையில் அதிக நேரமும், பிறர் எழுதித் தரும் உதவியும் கிடைக்கக்கூடும். இதனைக் கேட்டுப் பெறுவதில் வெட்கம் ஏதுமில்லை.

நம் சங்கத்தின் ஆண்டுவிழாவில் அழகிய கையெழுத்துக்கு அளிக்கும் பரிசு தொடரட்டும். அதனோடு, கேட்ட கதையை வாயாற் செவ்வனே சொல்லும் குழந்தைக்கும் ஒரு பரிசு வைப்போமாக. எழுத்துக் கோணினும் அறிவு கோணாத பிள்ளைகள் நம் வீடுகளிலும் உளர். அவர்களும் மேடை ஏறட்டும்.