இரண்டு படங்களுக்கு நடுவே



2018 செப்டம்பரில் தென் இந்தியப் பெருங்கடலின் மேல் பறந்த இந்தியக் கடற்படை விமானம் ஒரு படம் எடுத்தது. சீறும் கடல், கொடிமரம் முறிந்து பக்கவாட்டில் தொங்கும் சிறு படகு. அதனுள்ளே முதுகெலும்பு முறிந்து, எழ முடியாமல் கிடந்தார் கடற்படை கமாண்டர் அபிலாஷ் டோமி. விபத்து நடந்த மூன்றாம் நாள் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று அவரை மீட்டது. உலகமே அந்தப் படத்தைப் பார்த்தது.

அவர் கலந்துகொண்டது 'கோல்டன் குளோப்' போட்டி. தனி ஆளாக, பாய்மரப் படகில், பழைய முறைப்படி உலகைச் சுற்ற வேண்டும். ஜிபிஎஸ் கிடையாது. சூரியனையும் நட்சத்திரங்களையும் செக்ஸ்டன்ட் கருவியால் அளந்து, காகித வரைபடத்தில் குறித்துத்தான் வழி காண வேண்டும்.

அபிலாஷின் முதுகில் டைட்டானியம் கம்பிகள் பொருத்தப்பட்டன. குழந்தையைப் போல மறுபடியும் நடக்கப் பழகினார். 2021இல் பணி ஓய்வு பெற்றார். 2022 செப்டம்பரில் அதே போட்டிக்குத் திரும்பினார். புறப்பட்டவர்கள் 16 பேர். 236 நாள் கடலில் கழித்து, 2023 ஏப்ரல் 29இல் பிரான்சில் கரை சேர்ந்து இரண்டாமிடம் பெற்றார். அன்றும் கேமராக்கள் காத்திருந்தன.

இரண்டு படங்களுக்கும் நடுவே நாலரை ஆண்டுகள். வலியும் விடாத பயிற்சியும் நிறைந்த அந்த நாள்களைப் படம் பிடிக்க எத்தனை பேர் போனார்கள்? குணமாவது ஒரு நொடியில் நடப்பதல்ல. ஆகவே ஒரு 'கிளிக்'கில் அது அடங்குவதும் இல்லை.

பிரிட்டனில் 'டர்ன் டு ஸ்டார்போர்ட்' என்ற அறநிறுவனம், மனம் காயப்பட்ட முன்னாள் வீரர்களைப் பாய்மரக் கப்பலில் ஏற்றியது. கயிறு இழுக்க வேண்டும், முறைவைத்துக் காவல் நிற்க வேண்டும், பக்கத்தில் நிற்பவரை நம்ப வேண்டும். இராணுவத்தில் கற்ற பழக்கங்கள் அங்கே மீண்டும் பயன்படுகின்றன. "நானும் தேவைப்படுகிறேன்" என்ற எண்ணமே பாதி மருந்து. மீதிக்கு மருத்துவர் வேண்டும். கடல் மட்டும் போதாது.

மலாக்காவில், தெரெண்டாக் முகாம் இருக்கும் இந்த மாநிலத்தில், சீருடையைக் கழற்றி வைத்தவர்கள் நம் குடும்பங்களிலும் உண்டு. ஜூலை 31 வீரர்கள் தினத்தில் பதக்கத்தோடு அவர்களைப் படம் எடுக்கிறோம். மறுநாள் யார் கதவைத் தட்டுகிறார்கள்?

கேமரா வைத்திருக்கும் இளைஞர்களே, முதலில் அந்த மாமாவின் அருகில் அமருங்கள். அவர் பேசுவதைக் கேளுங்கள். அவர் சம்மதித்த பிறகு படம் எடுங்கள். அடுத்த வாரமும் போங்கள்.